இன்ஸ்பெக்டருக்குப் புதுப் பெயர்

நாகூரைத் தாண்டினால் கீழவாஞ்சூர், புதுச்சேரி எல்லை. திரும்பும்போது வாஞ்சூர் செக்போஸ்ட்டில் பாட்டில் தேடுவார்கள். இதே அக்கறையோடு கட்டட வேலை நடக்கும் இடத்தில் சாரத்தை யாராவது ஆட்டிப் பார்க்கிறார்களா?

2014 ஜூன் 28-ல் சென்னை மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடி சரிந்து 61 பேர் செத்தார்கள். பக்கத்தில் மிச்சம் நின்ற ஜோடிக் கட்டடத்தை அப்புறம் ஆராய்ந்து, ஆபத்து என்று 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். (ஆராயத் தெரியாமல் இல்லை, பாருங்கள்!)

2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிலாளர் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் இன்ஸ்பெக்டர், 'ஆய்வாளர் மற்றும் உதவியாளர்' ஆகிவிட்டார். முதலாளிக்கு ஆலோசனை சொல்வதும் அவர் வேலையாம். எங்கே சோதனை என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கலில் தேர்ந்தெடுக்கலாம். மாமூலைக் குறைக்க நல்ல யோசனைதான். ஆனால் அஸ்திவாரப் பள்ளத்தின் மண் குலுக்கலுக்காகக் காத்திருக்காது. டெல்டாவில் ஐப்பசி மழைக்கு அது ஒரே ராத்திரியில் இளகிவிடும். மறுநாள் காலை, ஆளை உள்ளே இறக்குவதற்கு முன்னால் யாராவது போய்ப் பார்த்தாக வேண்டும்.