நாற்பத்தைந்து சுற்று வேகத்தில்

டி.ஜே. ஷேடோவும் கட் கெமிஸ்ட்டும் 1999-இல் வெளியிட்ட ‘பிரெயின்ஃப்ரீஸ்’ என்ற இசைக்கலவை (மிக்ஸ்), நிமிடத்துக்கு நாற்பத்தைந்து முறை சுழலும் 7 அங்குல இசைத்தட்டுகளைக் கொண்டே கோத்தது. பழைய ஃபங்க் பாட்டில் மற்றவர்களெல்லாம் ஒதுங்க, டிரம்ஸ் மட்டும் தனித்து ஒலிக்கும் இடம் சில நொடிதான். அது தீருமுன் பக்கத்துத் தட்டில் அடுத்த தாளம் காத்திருக்க வேண்டும். அந்த வாத்தியக்காரர்களோ கடிகாரம் பார்த்து வாசித்தவர்கள் அல்லர். வேகம் ஏறும், இறங்கும். இருவரும் அதை விரல்நுனியால் இழுத்துப் பிடிக்கிறார்கள். ஆங்காங்கே உரசல் கேட்கிறதா? கேட்கட்டும், கைவேலைக்கு அதுதான் அழகு. செவன்-இலெவன் கடை தன் ஐஸ் பானத்துக்காகப் போட்ட பழைய விளம்பரத் தட்டும் உள்ளே குத்தாட்டம் போடுகிறது. (விளம்பரத்துக்கு இத்தனை நல்ல தாளமா!) இதே ஜோடி 2001-இல் ‘பிராடக்ட் பிளேஸ்மென்ட்’ தந்தது. என் ஓட்டு முதலாவதுக்கே.