மக்சி போக்ஸ் உயரத்தை ஜெயிச்சாரா?

போன மாசம் மார்க்கையன்கோட்டைக்குப் போயிருந்தப்போ அக்கா மகன் போனை நீட்டினான். "மாமா, இதப் பாருங்க."

1987-88இல் வாஷிங்டன் புல்லட்ஸ் அணியில் எடுத்த பிரபலமான படம். 7 அடி 7 அங்குல மனூட் போல் பக்கத்தில் 5 அடி 3 அங்குல மக்சி போக்ஸ். கீழே வழக்கமான வாசகம்: உயரம் ஒரு தடையே இல்லை, முயன்றால் முடியும்.

பையனுக்கு வயசு பதினாலு. வகுப்பிலேயே குட்டை. பெரியகுளத்தில் கோடையில் நடக்கும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டியைப் பார்த்ததிலிருந்து அதே நினைப்பு.

படத்தில் தப்பில்லை. வாசகம்தான் உதைக்குது. கணக்கைப் பார்ப்போம்.

என்.பி.ஏ.வில் போக்ஸ் 14 சீசன்களில் 889 ஆட்டங்கள் ஆடினார். அத்தனையிலும் சேர்த்து அவர் தடுத்த ஷாட்கள் வெறும் 39. 1993இல் ஏழடி பாட்ரிக் யூயிங்கின் ஷாட்டைத் தடுத்ததை எல்லாரும் சுற்றவிடுவாங்க. அது இந்த 39இல் ஒன்று. ஆக, உயரம் தடையாகத்தான் இருந்திருக்கு.

இன்னொரு பக்கம், எதிராளியிடமிருந்து பறித்த பந்துகள் 1,369. சக ஆட்டக்காரர் கூடையில் போட வழிசெய்த பாஸ்கள் 6,726. ஒரு பந்தைப் பறிகொடுக்கும் முன் சராசரியாக 4.7 அசிஸ்ட்.

எப்படி? அவர் தட்டும் பந்து மற்றவர்களின் முழங்கால் உயரத்தில் ஓடும். அதைப் பறிக்க நெட்டையர் குனியணும். குனிஞ்சா அவருடைய உயரத்துக்கு வேலையில்லை. அவர் அசந்து தட்டினால், போக்ஸின் கை ஏற்கெனவே பந்துக்குப் பக்கத்தில் இருக்கும்.

வாசகம் விட்டுவிடும் இன்னொன்றும் உண்டு. பால்டிமோரில் டன்பார் பள்ளிக்கு அவர் ஆடிய இரண்டு ஆண்டுகளில் அணி எல்லா ஆட்டங்களையும் ஜெயித்தது. அந்தக் கூட்டாளிகளில் மூன்று பேர் என்.பி.ஏ.வுக்குப் போனார்கள். 1987இல் 12ஆவது ஆளாக அவரை எடுத்த வாஷிங்டன், ஒரே சீசனில் கைவிட்டது. புதுசாகத் தொடங்கிய சார்லட் அணி வந்ததால் இடம் கிடைத்தது. பாஸ் வாங்கிக் கூடையில் போட லாரி ஜான்சன், அலோன்சோ மோர்னிங் என ஆட்கள் பின்னால் வந்தார்கள். தனி ஆளின் முயற்சி மட்டும் இல்லீங்க.

முயற்சி போதும் என்றால் 5 அடி 3 அங்குலத்தில் இன்னும் நிறையப் பேர் வந்திருக்கணுமே? என்.பி.ஏ. வரலாற்றிலேயே அவரைவிடக் குட்டையானவர் யாருமில்லை. முயன்றால் முடியும்னு ஒரு பையனிடம் சொல்லிவிட்டால், நாளைக்குத் தேர்வாகாதபோது 'நீ முயலலை'ன்னு பழி அவன் தலையில் விழும்.

இதையெல்லாம் சொன்னதும் முகம் சுருங்கிருச்சு. "அப்ப நான் போக வேணாமா மாமா?"

"போடா. பிளாக் பண்றதப் பாக்காத. அவரு கையப் பாரு."

சாயங்காலம் நெல் காயப்போடும் களத்தில் பந்துச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். பந்து அவன் முழங்காலுக்கு மேலே எழும்பவே இல்லை.