ஒரு சொல்லும் மூன்று அகராதிகளும்

சென்ற மார்கழியில் திருப்பாவையின் பத்தாம் பாட்டைப் படித்துக்கொண்டிருந்த என் பேத்தி சட்டென்று நிறுத்தி, "தாத்தா, பெருமாள் தலையிலே இருக்கிற துளசி நாறுமா?" என்றாள். "அப்படியெல்லாம் கேட்கப்படாது" என்று அதட்டிவிட்டேன். சான்றோடு பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை என்பதே உண்மை. அன்று மாலையே அகராதிகளோடு உட்கார்ந்தேன்.

முதலில் 1992இல் வெளிவந்து பின்னர் விரிவாக்கப்பட்ட க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி. அதன்படி பார்த்தால் பேத்தி பக்கம்தான் நியாயம். இன்றைய வழக்கில் நாற்றம் என்றால் கெட்ட வாடைதான். இன்றைய தமிழை எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு காட்டுவது அந்நூலின் பலம். ஆனால் ஆண்டாளுக்குப் பொருள் சொல்வது அதன் வேலை அன்று.

அடுத்து, சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகன். அங்கே நறுமணம், தீநாற்றம் இரண்டுமே உண்டு. எந்த நூலில் எப்பொருளில் வந்தது என்பதற்குச் சுருக்கக் குறிகளும் உண்டு. 'புறநா.' என்றால் புறநானூறு, 'திவ்.' என்றால் திவ்வியப் பிரபந்தம். நம்மில் பலர் பொருளை மட்டும் பார்த்துவிட்டு இந்தக் குறிகளைத் தாண்டிப் போய்விடுகிறோம். லெக்சிகனின் உயிரே அவற்றில்தான் இருக்கிறது. அதன் குறை, 1930களுக்குப் பிந்தைய தமிழ் அதில் கிடையாது என்பது.

மூன்றாவது, பரோவும் எமனோவும் 1961இல் வெளியிட்டு 1984இல் திருத்திய திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி. பின்னாலுள்ள தமிழ் அட்டவணையில் சொல்லின் எண்ணைப் பிடித்து உள்ளே போக வேண்டும். 'நாறு' என்பதன் உறவுகள் கன்னடத்திலும் மலையாளத்திலும் இருப்பதை அங்கே கண்டேன். அக்கம்பக்கத்தார் பேச்சில் நம் சொல்லைக் கேட்கும் வெளிமாநிலத் தமிழருக்கு இது தனி மகிழ்ச்சி. ஆனால் இலக்கிய மேற்கோள்களை இதில் எதிர்பார்க்க முடியாது.

ஆக, ஒன்று மற்றொன்றுக்கு மாற்று ஆகாது. எந்தக் காலத்துச் சொல் என்று முதலில் தீர்மானித்த பிறகே எந்த அகராதி என்று தீர்மானிக்க வேண்டும். லெக்சிகனும் சொற்பிறப்பியல் அகராதியும் சிகாகோ பல்கலைக்கழக இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. "நூலகம் தூரம்" என்று நாம் இனிச் சாக்குச் சொல்ல முடியாது. ஆனால் தேடினால் நேரே சொல்லில் போய் இறங்கிவிடுகிறோம். குறிகளை விளக்கும் முன்பக்கங்களைப் புரட்டுவதேயில்லை. அவற்றையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

மறுநாள் பேத்தியைக் கூப்பிட்டு, "உன் தமிழில் நீ சொன்னது சரி, ஆண்டாள் தமிழில் அவள் சொன்னதும் சரி, அதட்டிய நான்தான் தப்பு" என்றேன். உடனே அவள் அடுத்த சொல்லோடு வந்து நின்றாள்.