விளிம்பில் ஒரு பெயர்

அல்சூர் சோமேசுவரர் கோயில் மணியோசை எட்டும் தூரத்தில் இருந்த ஒரு பழைய ஓட்டு வீட்டில், சுவாமி படத்தின் முன்னே செவ்வரளிக் கொத்தைத் தாங்கி நின்ற பித்தளைப் பூச்சாடியொன்றை நான் எடுத்துப் பார்த்தபோது, அதன் அடிப்பாகத்தின் கனமே அது பூச்சாடியாகப் பிறந்ததன்று என்பதைக் கைக்குச் சொல்லிவிட்டது. கவிழ்த்தேன். அடித்தட்டின் நடுவே வட்டமாக ஒரு மூடி; அதன் மத்தியில் பீரங்கியின் ஊசி குத்திய சிறு குழி; அதைச் சுற்றி எழுத்துக்கள் இருந்திருக்க வேண்டிய இடத்தில், ஈரத் துணியால் துடைத்த சிலேட்டைப்போல ஒரு மங்கல். முதல் உலக யுத்தத்தில் பிரிட்டிஷ் சேனையின் பிரதான களப்பீரங்கியாக விளங்கிய 18 பவுண்டரின் வெடிமருந்துக் கூடு அது. "எங்க மாமனார் கொண்டுவந்தது தம்பி. வெள்ளிக்கிழமை தவறாம புளியும் செங்கல் பொடியும் போட்டுத் துலக்கிடுவோம்" என்றார் அந்த வீட்டு அம்மாள், பெருமிதத்தோடு. பீரங்கியின் அளவு, செய்த தொழிற்சாலையின் குறி, வருஷம், சர்க்காரின் அம்பு முத்திரை ஆகிய சகலத்தையும் அந்தப் புளிதான் தின்றுவிட்டது என்று நான் அவரிடம் சொல்லவில்லை. அந்த வெள்ளிக்கிழமைச் சிரத்தை இல்லாதிருந்தால் அது என்றைக்கோ பழைய பித்தளைக்காரரின் தராசில் ஏறியிருக்கும் என்பதும் எனக்குத் தெரியும்.

யுத்த காலப் பொருள்களைத் தேடிச் சேர்த்துச் செப்பனிடும் பொழுதுபோக்குக்கு இந்தியாவில் பெங்களூரைவிடப் பொருத்தமான ஊரைச் சொல்வது கடினம். 1809-ல் கண்டோன்மென்ட் அமைந்த நாள்முதல் இங்கே பட்டாளம் ஓய்ந்ததில்லை. 1780-ல் இரண்டு கம்பெனிகளாகத் திரட்டப்பட்ட மதராஸ் பயனியர்களின் வழிவந்த மதராஸ் ஸாப்பர்களுக்கு அல்சூரே தலைமையகம். பின்னிக் கிடக்கும் முள்வேலியைத் தகர்க்க, குழாய்களை ஒன்றோடொன்று திருகிச் சேர்த்து வெடிமருந்தை முன்னே தள்ளும் உபாயத்தை 1912-ல் கேப்டன் மக்ளின்டாக் உருவாக்கியதும் அவர்களிடையேதான், அதனால்தான் அந்த ஆயுதம் உலகமெங்கும் பெங்களூர் டார்பிடோ என்று வழங்கலாயிற்று. தமிழ் ஜில்லாக்களிலிருந்து வந்து சேர்ந்த இந்த வீரர்களைச் சேனை முழுவதும் 'தம்பி' என்றே அழைக்கிறது. விளிம்பில்லாமல் கூஜாவைக் கவிழ்த்தாற்போல் உயர்ந்து நிற்கும் அவர்களுடைய 'டூப்டா' என்னும் தலையணியை ஒருமுறை பார்த்தவர்கள் வேறெந்தப் படைப்பிரிவோடும் அவர்களைக் குழப்பிக்கொள்ளமாட்டார்கள். 1918 செப்டம்பர் 23-ந் தேதி ஜோத்பூர்க் குதிரைப்படையோடு சேர்ந்து, ஈட்டி ஏந்திப் பாய்ந்து ஹைஃபா நகரைப் பிடித்த மைசூர் லான்ஸர்களும் இந்த ஊர்க்காரர்களே. இரண்டாம் யுத்தத்தில் இத்தாலியக் கைதிகளை ஆயிரக்கணக்கில் அடைத்து வைத்திருந்த முகாம்களும் இங்கே இருந்தன. இத்தனை பேர் வந்தும் போயும் இருந்த ஊரில் அவர்களுடைய உடைமைகள் பரண்களிலும் டிரங்குப் பெட்டிகளிலும் ஒதுங்கியதில் வியப்பென்ன? ஞாயிற்றுக்கிழமைக் காலையில் சிக்கப்பேட்டைப் பக்கத்துச் சோர் பஜாரில் சாக்கு விரித்து உட்கார்ந்திருப்பவர்களிடம், ஓட்டைக் குக்கருக்கும் ஒற்றைச் செருப்புக்கும் நடுவில், இன்றும் ஒரு பட்டாளத்துப் பித்தளைப் பொத்தான் அகப்படுவது உண்டு.

சேகரிப்போரில் பல ஜாதி. பொத்தான்களும் தொப்பிச் சின்னங்களும் ஒருவருக்கு. வரைபடங்களும் கடிதங்களும் இன்னொருவருக்கு. என் அபிமானம் பதக்கங்களின்மேல். அதற்குக் காரணம் அவற்றின் முகமன்று, விளிம்பு.

முதல் யுத்தத்துக்காக வழங்கப்பட்ட பிரிட்டிஷ் வார் மெடலை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 65 லட்சம் அடிக்கப்பட்ட, ஆகவே அபூர்வம் என்று எவராலும் சொல்ல முடியாத சாமானியப் பதக்கம் அது. ஒரு புறம் ஐந்தாம் ஜார்ஜின் தலை. மறுபுறம் குதிரைமேல் ஆடையின்றி அமர்ந்த வீரன், குதிரையின் காலடியில் எதிரியின் கேடயமும் ஒரு கபாலமும். நல்ல வேலைதான், ஆயினும் பத்துப் பதக்கம் பார்த்தபின் கண் அதில் நிற்பதில்லை. பதக்கத்தைப் பக்கவாட்டில் திருப்பி, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, பூதக்கண்ணாடியின் கீழ் மெல்லச் சுழற்றும்போது, ஒரு மனிதர் அந்த விளிம்பிலிருந்து எழுந்து வருகிறார்: படை எண், பதவி, பெயர், பிரிவு. மதராஸ் ஸாப்பர்கள் அப்போது தாங்கிய, 'இரண்டாவது விக்டோரியா மகாராணியின் சொந்த ஸாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ்' என்ற நீண்ட நாமாவளி நாலைந்து எழுத்துக்களாகச் சுருங்கிக் கிடக்கும். முனுசாமியும் பெருமாளும் கோவிந்தனும் ஆங்கிலக் குமாஸ்தாவின் செவிக்கு எப்படிப் பட்டார்களோ அப்படியே அச்சேறியிருப்பார்கள். ஒரே பெயரை நான்கு விதமாக நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பிழைகளும் பதக்கத்தின் பாத்தியதையைச் சேர்ந்தவையே. இதே பதக்கம் போர்வீரனுக்கு வெள்ளியிலும், சுமை தூக்கியும் பாதை போட்டும் உழைத்த தொழிலாளர் படையினருக்கு வெண்கலத்திலுமாக வழங்கப்பட்டது என்பதை நினைத்தால், சர்க்காரின் தராசு எவ்வளவு நுட்பமானது என்று தோன்றும். மாறாக, மாண்டவர்களின் குடும்பத்துக்கு அனுப்பிய, சுமார் 12 சென்டிமீட்டர் விட்டமுள்ள வெண்கல நினைவுத் தட்டில் பெயர் மட்டும் உண்டு, பதவி இல்லை. ஜெனரலுக்கும் சிப்பாய்க்கும் தியாகம் ஒன்றே என்று வேண்டுமென்றே அப்படிச் செய்தார்கள். உயிர் போன பிறகாவது.

வெள்ளிப் பதக்கங்களில் பெரும்பாலானவை நமக்குக் கிட்டாமல் போனதற்குக் காரணம் எளிது. அது நல்ல வெள்ளி. கையிருப்பு இல்லாத வீட்டில் அடகுக் கடைக்குப் போயிற்று, மீளவில்லை. எத்தனை கொலுசுகளில் மெசபொடேமியாப் போர்முனை கலந்திருக்கிறதோ!

பூச்சாடிக்குத் திரும்புகிறேன், ஏனெனில் அந்த வேலைப்பாட்டைப் பற்றிச் சொல்ல இன்னும் உண்டு. 'பதுங்குகுழிக் கலை' என்ற பொருளில் ஆங்கிலத்தில் பெயர் பெற்ற இந்த வகைச் சாமான்களில் பெரும்பகுதி, குண்டு மழைக்கு நடுவில் பதுங்குகுழியில் உட்கார்ந்து செய்தவையல்ல. பின்னணிப் பட்டறைகளில், கைத்தொழில் தெரிந்தவர்கள் ஓய்வு நேரத்தில் செய்தவை. கூட்டின் உள்ளே கீலை உருக்கி ஊற்றி இறுகவிட்டு, வெளியிலிருந்து சிற்றுளியால் தட்டித் தட்டி இலையும் பூவுமாக எழுப்புவார்கள். உள்ளே நிரப்பிய கீல் தகட்டைக் கிழியவிடாமல் தாங்கும். தஞ்சாவூர்த் தட்டுக்கு அரக்கின்மேல் தகட்டை வைத்துத் தட்டும் நம் கம்மாளர்களின் சாஸ்திரமும் கிட்டத்தட்ட இதுவே. ஸாப்பர் படையில் கொல்லரும் தச்சரும் இருந்தார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அந்த அல்சூர்ச் சாடியைப் பார்த்தால், அதன் இடுப்பை ஒடுக்கி, ஒடுங்கிய இடத்தில் பன்னிரண்டு மடிப்புகளை ஒரே அகலத்தில் இறக்கியிருக்கும் கை, பிரெஞ்சுக் கைதான், நம் ஸாப்பரின் கையன்று என்று சத்தியம் செய்ய எனக்குத் துணிவில்லை. அதை நிச்சயமாகச் சொல்லியிருக்கக்கூடியது அடித்தட்டின் எழுத்து ஒன்றே.

ஜீர்ணோத்தாரணம் என்ற சொல்லை நாம் கோயில்களுக்கு உபயோகிக்கிறோம். கும்பாபிஷேகத்துக்கு முன் சுவர்களைச் 'சுத்தம்' செய்வதற்காக மணலை வேகமாகப் பீய்ச்சியடித்து, ஆயிரம் ஆண்டுக் கல்வெட்டுக்களை ஒரே பகலில் மழுங்கச் செய்த கதைகளைத் தமிழ்நாட்டார் அறிவார்கள். அந்தக் குற்றத்தின் சிற்றுருவை நானும் செய்திருக்கிறேன். என் பாட்டனாரின் பதக்கம், கறுத்துப் போய், நாடா இற்று, அப்பாவின் பெட்டியில் கிடந்தது. அப்போது எனக்கு இருபது வயது. வெள்ளி என்றால் பளபளக்க வேண்டும் என்பதற்கு மேல் எதுவும் தெரியாது. பக்கத்துத் தெருவில் மெருகு போடும் ஒரு கடையில் கொடுத்துவிட்டு வந்தேன். சாயங்காலம் அது கல்யாண வீட்டுக் குங்குமச் சிமிழைப்போல மின்னிக்கொண்டு வந்தது. ராஜாவின் மீசை பாதியாகியிருந்தது. விளிம்பைச் சக்கரத்தில் கொடுத்து நன்றாக உருட்டியிருந்தார்கள். கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது, கேட்டதைத்தான் செய்தார்.

வெள்ளியின்மேல் படியும் கருமை, காற்றிலுள்ள கந்தகத்தால் விளைவது. அது அழுக்கன்று, ஒரு மெல்லிய போர்வை. அதை உரிக்கும்போதெல்லாம் வெள்ளியும் ஒரு நூலிழை உரிகிறது. ஆகையால் கை தேர்ந்தவர்கள் செய்வது மிகக் கொஞ்சம். வடித்த நீர், மெல்லிய பருத்தித் துணி, களிம்பு பிடித்த இடத்தில் மட்டும் மூங்கில் குச்சியின் முனை, இறுதியில் ஒரு பூச்சு மெழுகு. பிளாஸ்டிக் உறைகள் சில காலப்போக்கில் அமிலம் கக்கி உலோகத்தைப் பச்சையாக்கும். காகித உறையே மேல். பெங்களூரின் ஆடி மாத ஈரத்தில் வரும் பூச்சிகளுக்கு, துணிகளுக்கிடையே நம் பாட்டிமார் போட்ட வசம்பையே நான் நம்புகிறேன். நாடா வெளிறியிருந்தாலும் அதுவே இருக்கட்டும். ஆப்பிரிக்கா ஸ்டாரின் நாடாவில் பாலைவனத்து மணலின் நிறம் தரையாகவும், நடுவில் தரைப்படையின் சிவப்பும், இருபுறம் கப்பற்படையின் கருநீலமும் விமானப்படையின் இளநீலமும் ஓடும். புது நாடாவில் இந்த நிறங்கள் கண்ணைப் பறிக்கும். இருந்தும், ஒருவர் மார்பில் வெயில்பட்டு அந்த மணல் நிறம் உண்மையாகவே மணலாக மாறியதற்கு ஈடாகாது.

ஓடும் இயந்திரங்களுக்கு வேறு நியாயம். ஃபிரேசர் டவுனில் ஒரு கொட்டகையில், ஓய்வுபெற்ற என் இஞ்சினீயர் நண்பர் ஒரு யுத்தகால ஜீப்போடு ஆறு வருஷம் குடித்தனம் நடத்தினார். முகப்புக் கம்பிச் சல்லடையில் துவாரம் ஒன்பதானால் யுத்தகால வண்டி, ஏழானால் பிற்பாடு வந்தது என்பது இந்த வித்தையின் அரிச்சுவடி. யுத்தத்துக்குப் பின் மஹிந்திரா இங்கே பூட்டி விற்ற வண்டிகளின் உறுப்புக்களைக் கலந்து, யுத்தகால வண்டி என்று தலையில் கட்டுபவர்கள் உண்டு. குனிந்து முன்புறக் குறுக்குச் சட்டத்தைத் தடவிப் பார்த்து, உருண்டைக் குழாயானால் வில்லிஸ், கவிழ்த்த தொட்டிபோலிருந்தால் ஃபோர்டு என்பது அடுத்த பாடம். அவருடையது ஃபோர்டு. அந்தக் கம்பெனி தான் செய்த போல்ட்டுகளின் தலையிலெல்லாம் தன் முதலெழுத்தைப் பதித்திருந்தது. காணாமற்போன போல்ட்டுகளை ஈடுசெய்ய, புதிது எட்டணாவுக்குக் கிடைக்கும் இடத்தில், ஜே.சி. ரோடு சாமான் கடைகளின் துருப்பிடித்த டப்பாக்களைக் கவிழ்த்துக் கவிழ்த்து அந்த எழுத்தைத் தேடினார் அவர். முந்தைய சொந்தக்காரர் திணித்திருந்த டீசல் இஞ்சினை இறக்கி, 60 குதிரைச் சக்தியுள்ள அசல் பெட்ரோல் இஞ்சினை ஏற்றினார். ஆறு வோல்ட் மின்சாரத்தையும், ஓட்டுகிறவரின் ஆசனத்துக்கு அடியிலேயே இருக்கும் பெட்ரோல் தொட்டியையும், இடப்பக்கத்து ஸ்டியரிங்கையும் அப்படியே வைத்துக்கொண்டார்.

நான் போயிருந்த ஒரு மத்தியானம், பானெட்டின் மூலையில் உள்ளங்கையளவு இடத்தை மிக நுண்ணிய உப்புத்தாளால் நனைத்து நனைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். மேலே எஸ்டேட் வண்டியின் வெள்ளை. அதற்குக் கீழே ஒரு நீலம். இன்னும் கீழே ஒரு சிவப்பு. மரத்தின் வளையங்களைப்போல ஒவ்வொன்றாக விரிந்து, கடைசியில் மினுக்கமே இல்லாத ஆலிவ் பச்சை எட்டிப் பார்த்தது, அதன்மேல் வெள்ளையில் ஓர் எண்ணின் கால் பகுதி. தேய்ப்பதை அங்கேயே நிறுத்திவிட்டார். வண்டி முழுவதற்கும் பிறகு அதே மங்கலான பச்சையைப் பூசினார். கண்காட்சியில் நடுவராக வந்தவர் பளபளப்பு போதாது என்று மதிப்பெண் குறைத்தார் என்று கேள்வி. அந்த உள்ளங்கையளவு இடம் மட்டும் பூசப்படாமல் இன்றும் நான்கு நிறங்களோடு இருக்கிறது. இவ்வளவு நேர்த்தியான செப்பனிடுதலை நான் வேறெங்கும் கண்டதில்லை.

பெரிய அளவில் இந்த ஊர் செய்து காட்டிய ஜீர்ணோத்தாரணமும் ஒன்று உண்டு. யுத்தம் முடிந்ததும், மறுபடி பறக்கக் கூடாதென்றே சிதைக்கப்பட்டுக் கான்பூரில் குவிந்து கிடந்த அமெரிக்க லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களிலிருந்து, பறக்கும் அளவுக்குத் தேற்றியவற்றை ஒவ்வொன்றாகப் பெங்களூருக்கு ஓட்டிவந்தவர் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தின் சோதனை விமானி ஜம்ஷெட் முன்ஷி. 1940 டிசம்பரில் வால்சந்த் ஹீராசந்தும் மைசூர் சமஸ்தானமும் தொடங்கிய அந்த ஆலையில் நாற்பதுக்கும் மேற்பட்டவை புத்துயிர் பெற்றன. 1948 நவம்பரில் ஐந்தாம் ஸ்குவாட்ரன் அவற்றோடு உருவாகி, 1968 வரை லிபரேட்டர்கள் நம் விமானப்படையில் உழைத்தன. உலகின் பிற தேசங்கள் தங்கள் லிபரேட்டர்களில் பெரும்பாலானவற்றை உருக்கித் தீர்த்துவிட்டபடியால், லண்டனிலுள்ள ராயல் ஏர்ஃபோர்ஸ் மியூசியத்தில் இன்று நிற்பதும் இங்கிருந்து போன ஒன்றே.

புதிதாக இதில் இறங்குவோருக்கு இரண்டு வார்த்தை. குண்டுக் கூட்டின் அடியில் ஊசி குத்திய குழி இல்லையென்றால் அதைத் தொடாமல் போலீசுக்குச் சொல்லியனுப்புங்கள். 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டத்துக்கு ரசனை தெரியாது, வெடிமருந்துக்கும் தெரியாது. இரண்டாவது, பெயர் மாற்றிப் பொறித்த பதக்கம். பழைய எழுத்தை அராவிவிட்டுப் புதிதாகப் பொறித்ததானால் விளிம்பு சற்று மெலிந்திருக்கும். அளவுக் கருவியை வைத்தால் பொய் வெளிப்பட்டுவிடும்.

பாட்டனாரின் பதக்கத்தைப் பார்த்த ஒரு வியாபாரி, முழுப் பெயரையும் அதே எழுத்து வடிவில் மறுபடி பொறித்துத் தருவதாகச் சொன்னார், கூலியும் அதிகமில்லை. வேண்டாமென்று விட்டேன். இப்போது அது பருத்தித் துணியில் சுற்றி என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. விட்டுவைத்த இத்தனை வருஷங்களில் மெல்லக் கறுக்கத் தொடங்கியிருக்கிறது. விளிம்பில் மிஞ்சியிருப்பவை எண்ணின் முதல் இரண்டு இலக்கங்களும், பெயரின் கடைசியில் 'ஸாமி' என்பதும்.