நான்கரை அங்குல முகப்பு

லண்டனின் 1774-ஆம் ஆண்டுக் கட்டடச் சட்டம் தீப்பரவலைத் தடுக்க வந்தது. ராபர்ட் டெய்லரும் இளைய ஜார்ஜ் டான்ஸும் வகுத்த அச்சட்டம் வீடுகளைப் பரப்பாலும் மதிப்பாலும் நான்கு முக்கியத் தரங்களாகப் பிரித்தது. பொதுச்சுவரின் பருமனை விதித்தது. சன்னலின் மரப்பெட்டியைச் செங்கல்லுக்குப் பின்னே மறைக்கச் சொன்னது. அந்த விதியால் வந்த அழகு யாரும் எதிர்பாராதது. தெருவிலிருந்து பார்ப்பவருக்கு மெல்லிய மரச்சட்டமும், அதைச் சூழ்ந்த சுவரின் ஆழமான நிழலும் மட்டுமே தெரிகின்றன.

1775-ல் தொடங்கிய பெட்ஃபோர்டு சதுக்கத்தில் இதைத் தெளிவாகக் காணலாம். வரவேற்புக் கூடம் இருக்கும் முதல் மாடியில் சன்னல்கள் மிக உயரம். மேலே போகப்போகக் குறைகின்றன. பெரும்பாலான வீடுகளில் அலங்காரம் வாசலோடு சரி. விக்டோரியா காலத்தவர் இத்தகைய வீடுகளைச் சலிப்பூட்டுபவை என்று ஒதுக்கினார்கள். எனக்கு அது அநியாயமாகவே படுகிறது. எந்த வீடும் முந்திக்கொண்டு நிற்காததால்தான் அங்கே ஒரு தெரு உருவாகிறது.

உண்மையான குறை சுவருக்குள் இருக்கிறது. நிலம் பிரபுவுடையது, பெரும்பாலும் 99 ஆண்டுக் குத்தகை. கையில் சிறுமுதலோடு கட்டி விற்கும் கட்டுநருக்கு, வாங்குபவர் கண்ணில் படும் பக்கமே முக்கியம். நெடுக்குக் கல்லும் குறுக்குக் கல்லும் மாறிமாறி வரும் ஃபிளெமிஷ் கட்டு முறையில், குறுக்குக் கல் சுவருக்குள் புகுந்து முன்பக்கத்தைப் பின்பக்கத்தோடு பிணைக்க வேண்டும். விலையுயர்ந்த முகப்புக் கல்லை மிச்சப்படுத்த, பலர் அதைப் பாதியாக உடைத்து வைத்தார்கள். வெளியே கட்டு முறை பிசகாமல் தெரியும். உள்ளேயோ, நான்கரை அங்குலத் தோல் ஒன்று மட்டமான செங்கல்மேல் ஏறக்குறைய ஒட்டாமல் நிற்கும். சுவருக்குள் பதித்த மரக்கட்டைகள் ஈரத்தில் உளுத்ததும் முகப்பு வெளியே புடைக்கத் தொடங்கியது. சட்டம் பருமனை அளந்தது. பிணைப்பை அது கொத்தனாரின் மனச்சாட்சிக்கு விட்டுவிட்டது.

வீட்டின் உள்ளமைப்பிலும் இதே பாரபட்சம். அடுப்படி நிலவறையில், வேலைக்காரர்கள் படுப்பது கூரையடியில். நிலக்கரியும் தண்ணீரும் ஒவ்வொரு மாடிக்கும் அவர்கள் முதுகில்தான் ஏறின. ஆனாலும் மாடிக்கு இரண்டு அறை, ஓரமாகப் படிக்கட்டு என்ற எளிய திட்டம் எதற்கும் வளைந்து கொடுத்தது. பெட்ஃபோர்டு சதுக்கத்து வீடுகளில் 1917 முதல் ஒரு கட்டடக்கலைப் பள்ளியே இயங்குகிறது.

இப்போது பழுதுபார்ப்போர் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளால் முகப்பைப் பின்சுவரோடு தைக்கிறார்கள். சுண்ணச்சாந்து இருந்த இடத்தில் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றிக் கல்லின் முகம் உதிர்கிறது. அதையும் இன்று பலர் அறிவார்கள். ஆனால் முகப்பை மட்டும் முட்டுக்கொடுத்து நிறுத்தி, பின்னால் உள்ள அறைகளையும் படிக்கட்டையும் இடித்துவிட்டுப் புது அலுவலகம் எழுப்புவதைப் பாதுகாப்பு என்று அழைப்பதை நான் ஏற்கமாட்டேன். குறுக்குக் கல்லை உடைத்த கட்டுநரும் தெருப்பக்கத்தைக் காட்டித்தான் காசு வாங்கினார்.