சிஸ்டர் சம்பளம் கேட்டால்...

தமிழ் சினிமாவில் நர்ஸ் எப்போது வருவார்? ஹீரோவுக்குக் கட்டுப் போட வருவார். ‘பத்து நிமிஷத்துக்கு மேல பேசக்கூடாது’ என்பார். போய்விடுவார். கொஞ்ச நேரம் நின்றார் என்றால் டாக்டரைக் காதலிக்கிறார் என்று அர்த்தம்.

நின்று நிதானமாக ஒரு நர்ஸைக் காட்டிய படம் ‘பாலும் பழமும்’ (1961). பீம்சிங் இயக்கம். டாக்டர் சிவாஜியின் புற்றுநோய் ஆராய்ச்சிக்குத் துணையாக இருக்கிற நர்ஸ் சாந்தி, சரோஜாதேவி. அவரையே மணக்கிறார். தனக்குக் காசநோய் என்று தெரிந்ததும் விலகிப் போகிறார். பிறகு, பார்வை இழந்த கணவனுக்கு வேறு பெயரில் நர்ஸாக வந்து பணிவிடை செய்கிறார். நடிப்பில் குறை சொல்ல ஒன்றுமே இல்லை. கதையில்தான் இடிக்கிறது. மனைவி செய்வதற்கும் நர்ஸ் செய்வதற்கும் படத்தில் வித்தியாசமே கிடையாது. பாசம் இருந்தால் போதும், படிப்பு எதற்கு என்பது போல!

இந்தப் படத்தை ஒட்டன்சத்திரத்தில் நர்சிங் படிக்கிற ஒரு பெண் பார்த்தால் சிரித்துவிடுவாள். ஏன் ஒட்டன்சத்திரம்? மார்க்கெட்டிலிருந்து லாரி லாரியாகக் காய்கறி கேரளாவுக்குப் போகிற ஊர் அது. அந்தக் கேரளாவிலிருந்து வந்த டாக்டர்கள் ஏ.கே.தரியனும் ஜேக்கப் செரியனும் 1955-ல் அங்கே கிறிஸ்தவ ஐக்கிய மருத்துவமனையைத் தொடங்கினார்கள். நர்சிங் படிப்பும் கூடவே வளர்ந்தது. தமிழ்நாட்டில் இந்தப் படிப்புக்குக் கிறிஸ்தவ நிறுவனங்கள் போட்ட அடித்தளம் பெரியது. வேலூர் சி.எம்.சி.யில் 1909-லேயே நர்சிங் பள்ளி, 1946-ல் பட்டப்படிப்பு. பெண்ணைப் படிக்க வைக்கவே யோசித்த காலத்தில், இது சாதாரண காரியமில்லை.

பி.எஸ்ஸி. நர்சிங் நாலு வருஷம். உடற்கூறு, நுண்ணுயிரியல், மருந்தியல், உளவியல், மகப்பேறு என்று வகுப்பு ஒரு பக்கம், வார்டு டியூட்டி இன்னொரு பக்கம். விளக்கேற்றி உறுதிமொழி எடுக்கும் விழாவும் உண்டு. ‘நைட்டிங்கேல் உறுதிமொழி’ என்று பெயர். ஆனால், அதை நைட்டிங்கேல் எழுதவில்லை. 1893-ல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ஒரு குழு எழுதியது. நைட்டிங்கேல் அம்மையாரோ புள்ளிவிவரக்காரர். கிரிமியப் போரில் சிப்பாய்கள் காயத்தைவிட நோயால்தான் அதிகம் செத்தார்கள் என்பதைக் கணக்குப் போட்டு, படம் வரைந்து அரசாங்கத்துக்குக் காட்டியவர். நாம் அவர் கையிலிருந்த விளக்கை வைத்துக்கொண்டோம். கணக்கு நோட்டை விட்டுவிட்டோம்.

நான் படித்தது பி.காம். யாராவது ‘இது சேவைங்க’ என்றால், செலவை யார் தலையில் எழுதுகிறார்கள் என்றுதான் முதலில் பார்ப்பேன். ‘சிஸ்டர்’ என்று கூப்பிடுகிறோமே, அதையும் சேர்த்துத்தான். இங்கிலாந்தில் அது வார்டுக்கே பொறுப்பாளரின் பதவிப் பெயர். நம்மூரில் அது தங்கச்சி. தங்கச்சி சம்பளம் கேட்பாளா என்ன?

அந்தக் கணக்கைத் திரையில் பார்க்க எனக்கு ஒரு மலையாளப் படம் தேவைப்பட்டது. 2017-ல் மகேஷ் நாராயணன் எடுத்த ‘டேக் ஆஃப்’. 2014-ல் ஈராக்கின் திக்ரித்தில் சிக்கி மீண்ட 46 இந்திய நர்ஸுகளின் அனுபவத்தை வைத்துப் பின்னிய கதை. பார்வதி நடித்த சமீரா தியாகச் சுடர் இல்லை. கோபப்படுகிறாள், கணக்குப் பார்க்கிறாள். வீட்டுக் கடன் கழுத்தை நெரிப்பதால்தான் அவள் விமானம் ஏறுகிறாள். பிற்பாதியில் படம் மீட்பு சாகசமாக மாறி, தூதரை ஹீரோவாக்கிவிடுகிறது. அது குறைதான். ஆனாலும் முதல் பாதி சொல்வதை எந்தத் தமிழ்ப் படமும் இவ்வளவு அழுத்தமாகச் சொன்னதாக எனக்கு நினைவில்லை: துப்பாக்கிச் சத்தத்தைவிட வட்டி பயங்கரமானது.

அதே சம்பளக் கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. எவ்வளவு சின்ன தனியார் மருத்துவமனையானாலும் நர்ஸுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்று, அந்த நீதிமன்ற உத்தரவின்படி அமைந்த நிபுணர் குழு 2016-ல் பரிந்துரைத்தது. உங்கள் தெரு நர்சிங் ஹோமில் என்ன தருகிறார்கள் என்று விசாரித்துப் பாருங்கள்.

ஒட்டன்சத்திரத்துப் பெண் கல்விக் கடன் பாரத்தில் அப்பாவிடம் கையெழுத்து வாங்கித்தான் படிக்கப் போகிறாள். அவளைப் பற்றித் தமிழில் ஒரு படம் எடுங்கள் சார். டாக்டரைக் காதலிக்க வைத்தாலும் பரவாயில்லை. மாசக் கடைசியில் அவள் கைக்கு எவ்வளவு வருகிறது என்பதையும் ஒரே ஒரு காட்சியில் காட்டிவிடுங்கள்.