அகலமும் பிடிப்பும்

வேகவதியாற்றை அடுத்து, ஜினகாஞ்சி என்று பெயர்பெற்ற திருப்பருத்திக்குன்றத்திலும், அதைச் சூழ்ந்த காஞ்சிபுரத்து நெசவாளர் தெருக்களிலும், தறித்தொழிலை விட்டு ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் முதலிய இடங்களின் ஆலைகளுக்கு ஷிப்டு வேலைக்குச் சென்றுவரும் இளைஞர் பலர், சேர்த்த பணத்தில் ஒரு ஸ்போர்ட்ஸ் பைக்கை வாங்குவதும், வாங்கிய சில மாதங்களுக்குள் அதன் டயரையும் சைலன்சரையும் ஹேண்டிலையும் தம் மனம்போல் மாற்றியமைப்பதும் இன்று வழக்கமாகிவிட்டன. பெரியோர் இதை வீண் ஆடம்பரம் என்று ஒதுக்குகிறார்கள்; இளைஞர்களோ, தம் உழைப்பில் வந்த பொருளைத் தமக்கேற்பத் திருத்திக்கொள்வது தம் உரிமை என்கிறார்கள். இரு தரப்பிலும் நியாயம் உண்டு. ஆனால் ஓர் உயிரின் க்ஷேமம் சம்பந்தப்பட்ட விஷயத்தை ருசிபேதம் என்று சொல்லி விட்டுவிடுவது சரியாகாது. ஆகையால் இவ்வழக்கத்தின் குணத்தையும் குற்றத்தையும் நிறுத்துப் பார்ப்பது அவசியம்.

முதலில் குணத்தைக் கூறுவோம். ஒரு கம்பெனி வாகனம் செய்யும்போது, லட்சக்கணக்கான மனிதர்களுக்குப் பொதுவான ஒரு சராசரி மனிதனையும், அவன் கொடுக்கக்கூடிய விலையையும், அவன் எதிர்பார்க்கும் மைலேஜையும் மனத்திற்கொண்டே செய்கிறது. ஐம்பது கிலோ எடையுள்ளவனுக்கும் தொண்ணூறு கிலோ எடையுள்ளவனுக்கும் ஒரே ஸ்பிரிங்கையும், நகரத்துக்குள் சுற்றுபவனுக்கும் பெங்களூர் நெடுஞ்சாலையில் தினமும் விரைபவனுக்கும் ஒரே டயரையும் அது தந்தாக வேண்டியிருக்கிறது. எனவே தன் உடலையும் தன் சாலையையும் அறிந்த ஒருவன் அந்தப் பொதுமையிலிருந்து விலகித் தனக்கென ஒரு திருத்தத்தை நாடுவதில் பிழையொன்றும் இல்லை. அன்றியும், தன் வண்டியின் ஒவ்வொரு பாகத்தையும் கழற்றிப் பூட்டி அறிந்தவன், அதன் நோயையும் முன்னதாகவே அறிவான். இந்தப் பரிசயம் இவ்வழக்கம் தரும் நன்மைகளில் தலையாயது.

இந்த நியாயத்துக்கு ஒரு பிரத்தியட்ச உதாரணமும் உண்டு. யமஹா கம்பெனியார் 2008ஆம் ஆண்டில் ஆர்15 என்னும் வண்டியை இந்தியாவில் அறிமுகப்படுத்தியபோது, அதன் சட்டமும் நீரால் குளிரும் என்ஜினும் பந்தய வண்டிகளின் பரம்பரையைச் சேர்ந்தவையாக இருந்தும், பின்சக்கரத்தில் 100/80-17 அளவுள்ள மெல்லிய டயரே பூட்டப்பட்டிருந்தது. வண்டியின் திறமைக்கு இந்த டயர் போதாது என்று ஓட்டுபவர்கள் குறைகூறினார்கள். பலர் தாமே அகலமான டயரை வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். 2011இல் வந்த இரண்டாம் பதிப்பில் கம்பெனியாரே 130/70 அளவுள்ள ரேடியல் டயரைப் பின்சக்கரத்தில் வைத்தார்கள். 2018இல் வந்த மூன்றாம் பதிப்பில் அது 140/70 ஆயிற்று. ஓட்டுபவனுடைய அனுபவம் தொழிற்சாலையின் கணக்கைத் திருத்தியது என்று இதைச் சொல்வது மிகையாகாது.

ஆனால் இதே உதாரணத்தைக் கூர்ந்து நோக்கினால், இவ்வழக்கத்தின் பெருங்குறையும் புலப்படும். கம்பெனியார் டயரை மட்டும் மாற்றவில்லை. புதிய டயருக்கேற்ற ரிம்மை அமைத்தார்கள், ஸ்விங்ஆர்மை நீட்டினார்கள், அதனால் இரு சக்கரங்களுக்கும் இடையே 1290 மில்லிமீட்டராக இருந்த தூரம் 1345 ஆயிற்று, பின் ஸ்பிராக்கெட்டின் பற்களையும் கூட்டினார்கள். கடைசிச் செய்கைக்குக் காரணம் எளிய கணக்கே. 100/80-17 டயரின் குறுக்களவு சுமார் 592 மில்லிமீட்டர். 130/70-17 டயரினுடையதோ சுமார் 614. சக்கரம் பெருத்தால் ஒரு சுற்றில் கடக்கும் தூரமும் கூடுகிறது. என்ஜினுக்குச் சுமை ஏறி, வண்டியின் பாய்ச்சல் குறைகிறது. பற்களைக் கூட்டியதால் அந்தக் குறை ஈடுசெய்யப்பட்டது. ஓர் அவயவத்தை மாற்றினால் அதனோடு சம்பந்தமுள்ள மற்ற அவயவங்களையும் இசைவித்தாக வேண்டும் என்னும் இந்தத் தத்துவத்தை, டயர்க்கடையில் நின்று அகலத்தை மட்டும் கேட்டு வாங்குபவன் அறவே மறந்துவிடுகிறான்.

திருப்பருத்திக்குன்றத்தாருக்கு இந்தத் தத்துவத்தை வெளியூரிலிருந்து யாரும் வந்து போதிக்க வேண்டியதில்லை. அவ்வூரிலேயே உள்ள திரைலோக்கியநாதர் ஆலயத்தில், விஜயநகரத்து மந்திரியான இருகப்பர் தம் குருவாகிய புஷ்பசேனரின் விருப்பப்படி 1387-88இல் எழுப்பிய சங்கீத மண்டபம், அதற்கு முன்பே நின்ற பழைய சந்நிதிகளோடு பிற்காலத்தில் சேர்ந்ததுதான். ஆயினும் பழைய கட்டடத்தின் போக்கை அனுசரித்துச் சேர்ந்தமையால், சேர்க்கை என்று தோன்றாமல் கோயிலின் அங்கமாகவே நிலைத்துவிட்டது.

இனி டயரின் அகலத்தைப் பற்றிய மயக்கத்தை ஆராய்வோம். அகலமான டயர் அதிகமாகத் தரையைப் பற்றும் என்பது பெரும்பாலோருடைய நம்பிக்கை. டயர் தரையைத் தொடும் பரப்பு பெரும்பாலும் வண்டியின் பாரத்தையும் உள்ளே அடைத்த காற்றின் அழுத்தத்தையும் பொறுத்தது; அகலத்தைக் கூட்டினால் அந்தப் பரப்பின் வடிவம் மாறுமேயன்றி, அளவு அதே விகிதத்தில் பெருகிவிடாது. மேலும், 130 அகலமுள்ள டயருக்கென்று அமைந்த ரிம்மில் 150 அகலமுள்ளதைத் திணித்தால், அதன் பக்கச்சுவர்கள் உட்புறமாக இழுக்கப்பட்டு நடுமுதுகு கூர்மையாக உயர்ந்துவிடுகிறது. அப்போது நேரே செல்கையில் தரையைத் தொடும் பகுதி குறுகுகிறது. வளைவில் வண்டியைச் சாய்க்கையில் டயரின் ஓரம் தரையைச் சேர்வதே இல்லை. வளைவிலேதான் பிடிப்பு வேண்டும் என்று அகலத்தை நாடியவனுக்கு அந்த வளைவிலேயே அது கைவிட்டுப் போகிறது. வண்டி திரும்புவதற்குச் சோம்புவதும், டயர் செயினோடும் மட்கார்டோடும் உராய்வதும், சக்கரங்களின் சுழற்சியை ஒப்பிட்டு இயங்கும் ஏபிஎஸ் கருவியின் கணக்குப் பிசகுவதும் இதனால் நேரக்கூடியவை. ஒவ்வொரு டயருக்கும் பொருந்தக்கூடிய ரிம் அகலத்தின் எல்லையை டயர் செய்பவர்கள் அட்டவணையிலே குறித்திருக்கிறார்கள். அந்த எல்லையைத் தாண்டாமல் ஓர் அளவு கூட்டிக்கொள்வது தவறன்று, தாண்டுவது தவறு.

அகலத்தைவிட ஆயிரம் மடங்கு முக்கியமானது ரப்பரின் குணம். மிருதுவான ரப்பர் சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களில் படிந்து நன்றாகப் பற்றும், ஆனால் விரைவில் தேயும். கடினமான ரப்பர் நெடுநாள் உழைக்கும், ஆனால் நெருக்கடியில் வழுக்கும். இவ்விரண்டையும் சமரசம் செய்யவே நடுவில் கடினமும் ஓரங்களில் மிருதுவும் உடைய இரட்டைக் கம்பவுண்ட் டயர்கள் ஏற்பட்டன. வேலைக்குப் போய்வரும் ஒருவனுக்கு இத்தகைய டயரே சாலச் சிறந்தது என்பது என் திடமான அபிப்பிராயம். பந்தயத்துக்கென்று செய்த ரப்பர், தக்க உஷ்ணத்தை அடைந்த பிறகே பிடிப்பைத் தரும். பந்தயக்களத்தில் அதைப் போர்வை சுற்றிச் சூடேற்றியபின்பே ஓட்டுகிறார்கள். சிக்னலில் நின்று நின்று செல்லும் நம் சாலையில் அந்த உஷ்ணம் ஏறுவதில்லை. ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது, பள்ளங்கள் குறைந்த அந்த டயர் நீரை வெளியேற்ற இயலாமல் மிதக்கத் தொடங்குகிறது. விலையுயர்ந்த பொருள் என்பதால் எவ்விடத்துக்கும் உயர்ந்தது என்று கருதுவது பெரும் பிரமை.

டயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் குறிகளைப் படிக்கத் தெரிந்துகொள்வது இதற்கெல்லாம் அடிப்படை. 66எச் என்றிருந்தால் அது 300 கிலோ பாரத்தையும் மணிக்கு 210 கிலோமீட்டர் வேகத்தையும் தாங்கும் என்று பொருள். டயர் செய்த காலத்தைக் குறிக்கும் நான்கிலக்க எண்ணில் முதலிரண்டும் வாரத்தையும் பின்னிரண்டும் ஆண்டையும் காட்டும். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. கடையில் வருஷக்கணக்காகத் தூங்கிய டயரைத் தள்ளுபடிக்காக வாங்குபவன், இறுகிப்போன ரப்பரையே வாங்குகிறான். இருசக்கர வண்டியின் டயரில் பள்ளத்தின் ஆழம் 0.8 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது என்று மோட்டார் வாகன விதிகள் கூறுகின்றன. மழைக்காலத்தை எண்ணினால் அதற்கு முன்பே மாற்றிவிடுவது விவேகம்.

டயருக்கு அடுத்தபடியான மாற்றங்களில், பிரேக் பேட், ஷாக் அப்சார்பர், முகப்பு விளக்கின் ஒளி ஆகியவை ஓட்டுபவனைக் காப்பவை. அவற்றில் தரமுள்ளதைத் தேர்ந்து பூட்டுவது நல்ல செலவு. சைலன்சரை மாற்றுவதோ வேறு ஜாதியைச் சேர்ந்தது. அதனால் கிடைக்கும் சக்தி அற்பம். என்ஜின் கணினியின் கணக்கைத் திருத்தாமல் சைலன்சரை மட்டும் மாற்றினால் எரிபொருள் கலவை கெட்டு, குறைந்த வேகத்தில் இழுப்பும் குன்றலாம். புகையைச் சுத்திசெய்யும் கன்வெர்ட்டரும் பெரும்பாலும் அதோடு போய்விடுகிறது. வீட்டுக்குள்ளேயே தறி போட்டு, திண்ணையிலே பாவு சுற்றி, கண்ணும் காதும் ஒருமித்து வேலைசெய்யும் மக்கள் நெருங்கி வாழும் தெருவில், அந்த ஓசை அயலாருடைய அமைதியிலிருந்து பறித்த இன்பமாகும். பின் மட்கார்டை வெட்டி எறிவதும் அவ்வாறே. மழையில் பின்னால் வருபவன் முகத்தில் சேறு அடிக்கிறது. தன் பாதுகாப்பைக் கூட்டாததும் பிறருக்கு இடைஞ்சல் தருவதுமான மாற்றத்துக்கு எந்த நியாயமும் கற்பிக்க முடியாது.

சட்டத்தின் நிலையையும் கூறவேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை ஆதாரமாகக்கொண்டு, தயாரிப்பாளர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்தலாகாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டின் திருத்தச் சட்டம், அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது. இதன் நோக்கம் போற்றத்தக்கது. ஆயினும் காப்பதற்காகச் செய்த மாற்றத்தையும் காட்டுவதற்காகச் செய்த மாற்றத்தையும் ஒரே தராசில் வைக்கும் குறை அதில் உண்டு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த இடைவெளியை நிரப்பும் வழியை நம் மாநிலத்துக் கம்பெனி ஒன்றே காட்டியிருக்கிறது. ஓசூரில் வண்டி செய்யும் டி.வி.எஸ். நிறுவனத்தார், 2021இல் தம் அப்பாச்சி ஆர்.ஆர். 310 வண்டிக்கு, ஓட்டுபவன் எடைக்கேற்பத் திருத்தக்கூடிய சஸ்பென்ஷனையும், பந்தயத்துக்கேற்ற ஹேண்டில் அமைப்பையும், வாங்கும்போதே கேட்டுப் பெற்றுக்கொள்ளும் ஏற்பாட்டைச் செய்தார்கள். எல்லாக் கம்பெனிகளும் இதைப் பின்பற்றினால், இளைஞனின் ஆசையும் சட்டத்தின் கட்டளையும் மோதிக்கொள்ள அவசியமே இராது.

வேகத்தையே விரும்புபவர்களுக்கும் இடமில்லாமல் இல்லை. ஸ்ரீபெரும்புதூருக்கு அப்பால் இருங்காட்டுக்கோட்டையில், 1953இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பாரின் பந்தயத்தடம் இருக்கிறது. எதிரே லாரி வராத, மாடு குறுக்கிடாத அந்தத் தடத்தில் ஒருநாள் பயிற்சி பெற்றவன், தன் டயர் எதுவரை தாங்கும் என்பதைப் பணம் கொடுத்து வாங்கும் எந்தப் பாகத்தைக் காட்டிலும் நன்றாகத் தெரிந்துகொள்வான்.

ஆகவே என் முடிபு இது. வண்டியை மாற்றுவது பழிக்கத்தக்க செய்கையன்று. அதற்கு ஒரு வரிசை வேண்டும். முதலில் ஓட்டுபவன் தன் பயிற்சியிலும் ஹெல்மெட்டிலும் செலவிடட்டும். அடுத்துக் காற்றழுத்தத்தை வாரந்தோறும் குளிர்ந்த நிலையில் சரிபார்க்கட்டும். பிறகு ரிம்முக்குப் பொருந்திய நல்ல ரப்பரை வாங்கட்டும். அதன்பின் பிரேக்கையும் சஸ்பென்ஷனையும் கவனிக்கட்டும். இவை யாவும் முடிந்தபின் ஆசையும் பணமும் மிஞ்சினால், சட்டம் அனுமதிக்கும் அலங்காரங்களுக்கு வரட்டும். இந்த வரிசையைத் தலைகீழாக்கி, ஓசையிலும் தோற்றத்திலும் தொடங்குபவன், கடைசியில் டயருக்குப் பணமில்லாமல் தேய்ந்த ரப்பரோடு நெடுஞ்சாலையில் ஏறுகிறான். அந்தப் பிழைக்குரிய விலையை அவன் மட்டுமன்றி, அவனை நம்பியிருக்கும் குடும்பமும் செலுத்த நேரிடுகிறது.